"யோசனை" என்று நாம் சொல்லும் நோவு

2011ஆம் ஆண்டின் தொடக்கம். எங்கள் ஊரில் மீள்குடியேறி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. தறப்பாளும் தகரமும் கொண்டு அமைத்த கொட்டிலில் மாமியும் நானும் ஆறு வயது மகளும் இருந்தோம். ஒருநாள் விடியற்புறம் நெஞ்சை யாரோ ஏறி மிதிப்பது போல இருந்தது. மூச்சு அடைத்தது. கைகால் விறைத்து, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் மனதில் வந்த ஒரே எண்ணம், இந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதுதான்.

இரண்டு பஸ் மாறி வைத்தியசாலைக்குப் போனேன். ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். "அம்மா, உங்களுக்கு நெஞ்சில ஒரு வருத்தமும் இல்லை. சும்மா யோசிக்காம இருங்கோ" என்று சொல்லிப் பனடோலும் விற்றமினும் தந்து அனுப்பினார்கள். அந்த ஆண்டில் இதே பயணத்தை நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் இதே பதில்தான். வருத்தம் இல்லையென்றால் இந்த நோவு எங்கிருந்து வருகிறது? வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னால், "ஒண்டுமில்லையெண்டு சொன்னால் நல்லதுதானே பிள்ளை" என்பார். எனக்கோ, நான் பொய் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைப்பது போல வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது தடவை போனபோது வேறொரு வைத்தியர் இருந்தார். அவர் நெஞ்சைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "இரவில நித்திரை வருதோ? என்ன கனவு காணுறனீங்கள்?" என்று கேட்டார். 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. வெளியே வரிசையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் என்னை அழவிட்டார்.

அன்பான சகோதரிகளே, அன்று தொடங்கி நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பின்னர் உளசமூகப் பணிக்கான பயிற்சிகளைப் பெற்று, இன்று எங்கள் கிராமத்துப் பெண்கள் குழுவில் பணியாற்றுகிறேன். இருந்தாலும் படித்தவள் என்ற முறையில் அல்லாமல், பட்டவள் என்ற முறையில்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

உடம்புக்குள் ஓர் அபாய மணி

ஆபத்து வரும்போது எமது உடம்பு எம்மைக் கேட்காமலே தயாராகிவிடுகின்றது. இதனை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கனன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். எதிர்த்து நிற்பதற்கு அல்லது தப்பி ஓடுவதற்கு உடம்பு செய்யும் ஆயத்தம் அது. அட்ரீனலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைநார்கள் இறுகுகின்றன, சமிபாடு மந்தமாகிறது. ஷெல் கூவும் சத்தம் கேட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தோமே, அந்தப் பலத்தை எமக்குத் தந்தது இந்த ஆயத்தம்தான். அது இல்லையென்றால் நாம் இன்று உயிருடன் இல்லை.

ஆபத்து நீங்கியதும் மணி ஓய வேண்டும். ஆனால் நாட்கணக்கில், மாதக்கணக்கில் ஓயாமல் ஆபத்தில் இருந்த உடம்புக்கு ஓய்வது மறந்துவிடுகிறது. 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், நீடித்த நெருக்கீடு உடம்பைக் களைக்கச் செய்து நோயில் கொண்டுபோய் விடுவதை எடுத்துக்காட்டினார். கோர்ட்டிசோல் என்ற சுரப்பு நெடுநாள் உயர்ந்திருந்தால் நித்திரை கெடும், ஞாபகம் மங்கும், இரத்த அழுத்தம் கூடும், நோய் எதிர்ப்பு குறையும். வீதியால் டிப்பர் குலுங்கிப் போனாலே நான் மகளை இழுத்துக்கொண்டு நிலத்தில் குந்தியதற்கும், விடியற்புறம் நெஞ்சு இறுகியதற்கும் காரணம் இதுதான். என் உடம்பு இன்னும் 2009இலேயே இருந்தது.

எமது மொழியில் இதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. யோசனை, ஏக்கம், பெருமூச்சு, நெஞ்சுப் படபடப்பு, தலை விறைப்பு, நாரி உளைவு, கைகால் எரிவு, "மனம் விட்டுப் போச்சு" என்று எத்தனையோ சொற்கள் உண்டு. எமது பெண்கள் பலர் "எனக்குக் கவலை" என்று சொல்லி வைத்தியரிடம் போவதில்லை. "நாரிநோ" என்றுதான் போகிறார்கள். அந்த நோ பொய்யல்ல. வாய் சொல்லாததை உடம்பு சொல்கிறது.

துன்பத்தின் வேறுபட்ட வடிவங்கள்

எல்லாத் துன்பமும் ஒன்றல்ல. எது எமக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எது உதவும் என்றும் தெரியும்.

முதலாவது, மனவடு. நடந்து முடிந்த சம்பவம் மனதில் முடியாமல் இருப்பது. கனவில் வரும். பகலிலும் ஒரு மணம், ஒரு சத்தம் போதும், மீண்டும் அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும். சம்பவத்தை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்போம். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவோம். சிலருக்கு இதற்கு மாறாக, எதுவுமே உறைக்காமல் மரத்துப் போய்விடும். "இவள் கல்நெஞ்சுக்காரி, அழவே இல்லை" என்று ஊரார் சொல்லும் பெண்ணுக்குள் இதுவே நடந்துகொண்டிருக்கக்கூடும்.

இரண்டாவது, இழப்புத் துயர். அன்பானவரை இழந்தால் துயரப்படுவது நோயல்ல. எமது முன்னோர் அதற்கு வழியும் வைத்திருந்தார்கள். செத்தவீட்டில் ஒப்பாரி, எட்டு, முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று துயரத்துக்கு ஒரு பாதையும், கூட வர ஒரு சனமும் இருந்தது. 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடியவர்களுக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. உடலை ஒரு துணியால் மூடிவிட்டு, அழுவதற்கும் நேரமின்றி நடந்தோம். அழாமல் விட்ட அழுகை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நீண்ட காலம் குறையாமல் அன்றாட வாழ்வையே முடக்கும் துயரத்தை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தல் தனியாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு உதவி பெறலாம் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, முடிவு தெரியாத இழப்பு. இது எனது கதை. அமெரிக்க உளவியலாளர் பவுலின் பொஸ், காணாமற்போனவர்களின் குடும்பங்களுடன் பணியாற்றி இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இறந்துவிட்டார் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அழுதால் துரோகம் போல இருக்கும், அழாவிட்டால் மூச்சு முட்டும். பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. இந்தத் தவிப்பு அவளுடைய மனதின் பலவீனம் அல்ல, அவள் இருக்கும் நிலைமையே தவிப்பானது என்று பொஸ் சொன்னார். அதைப் படித்தபோது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

நான்காவது, மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்திருப்பது, எதிலும் விருப்பமின்மை, நித்திரையும் பசியும் கெடுதல், காரணமற்ற குற்றவுணர்வு, உயிர் வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம். "பஞ்சி பிடிச்சவள், சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பெண்கள் பலருக்கு உண்மையில் இருப்பது இந்த நோய்தான்.

ஐந்தாவது, அன்றாட நெருக்கீடு. யுத்தம் முடிந்தும் இது முடிவதில்லை. கதவில்லாத வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையுடன் இரவைக் கழிப்பது, ஒரு கையெழுத்துக்காகப் பத்துத் தடவை அலைவது, கசிப்புக் குடித்துவிட்டு வரும் கணவனின் அடி, கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுக்கும் அளவுக்கு இந்தத் துன்பம் பெருகியிருந்தது. பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து அடுப்பிலேயே கை வைத்தது. இலங்கையில் யுத்தத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட இளையோரிடம் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பேரனர்த்தங்களைப் போலவே இந்த அன்றாடச் சிக்கல்களும் மனதைப் பாதிப்பதைக் காட்டியது. வறுமையும் வீட்டு வன்முறையும் மனதை அரிப்பதற்குக் குண்டு விழவேண்டிய அவசியமில்லை.

இவை தனித்தனியாக வருவதும் இல்லை. எனக்கு ஒன்று, மூன்று, ஐந்து மூன்றும் சேர்ந்தே இருந்தன. நாம் தனித்தவர்களும் அல்ல. கடந்த பத்தாண்டுகளுக்குள் யுத்தம் நடந்த இடங்களில் வாழ்வோரில் ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு உளப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஐந்தில் நால்வர் நோய் என்ற நிலைக்குப் போகாமலே தாக்குப் பிடிக்கிறார்கள்.

ஒரு கடதாசி

2012இல் ஓர் அலுவலகத்தில் உதவித் திட்டமொன்றுக்கு விண்ணப்பிக்கப் போனேன். "கணவரின் மரணச் சான்றிதழ் இருந்தால் இலகு. ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவருக்கு எடுக்கலாம்" என்றார்கள். 2010இல் அதற்கென ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தப் படிவத்தை மடித்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தேன். மாமி கண்டுவிட்டார். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என்ர பிள்ளையை நீ கடதாசியில சாகடிக்கப் போறியோ?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரே கொட்டிலுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தது. அவர் தனக்குத் தனியாகச் சமைத்தார்.

எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. கூரை ஒழுகியது, மகளுக்குச் சப்பாத்து இல்லை. ஆனால் கையெழுத்து வைக்கக் கை வரவில்லை. மாமியிலும் கோபம், அலுவலகத்திலும் கோபம், திரும்பி வராத அந்த மனிதரிலும் கோபம். அந்தக் கோபம் எல்லாம் கடைசியில் யாரில் இறங்கியது தெரியுமா?

2013இல் ஒருநாள் பாடசாலையில் "எனது குடும்பம்" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் வந்து, "அம்மா, அப்பாவை இருக்கிறார் எண்டு எழுதிறதோ, இருந்தார் எண்டு எழுதிறதோ?" என்று கேட்டாள். நான் அகப்பைக் காம்பால் அடித்தேன். ஒன்றல்ல, பல அடி. தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த மாமிதான் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். பிள்ளை அழவில்லை. மூலையில் இருந்து, அந்தக் கட்டுரைத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் பல வாரங்கள் அவள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பாடசாலையிலும் பேசுவதில்லை என்று ஆசிரியை ஆளனுப்பிச் சொன்னார்.

இதை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால், துன்பத்தின் விளைவு ஒரு ஆளுடன் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

துன்பம் எங்கெல்லாம் பரவுகிறது?

தாய் மரத்துப் போனால் பிள்ளை வாய் மூடுகிறது. சில பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள், சிலர் படிப்பில் பின்தங்குகிறார்கள், சிலர் சண்டைக்காரராகிறார்கள். மூத்த பெண்பிள்ளை சின்னத் தாயாகிப் பாடசாலையை விடுகிறாள். கணவன்மார் குடியில் ஒளிகிறார்கள். குடும்பத்துக்குள் பேச்சுக் குறைகிறது. ஊருக்குள் ஒருவரை ஒருவர் நம்பாத நிலை வருகிறது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதனைச் சமூகம் முழுவதற்கும் ஏற்பட்ட மனவடு என்று விளக்கினார். ஊரே காயப்பட்டிருக்கும்போது ஒரு பெண்ணை மட்டும் தனியே பிரித்துக் குணப்படுத்த முடியாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவரது எழுத்துக்களின் சாரம்.

இன்னொன்றையும் இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டும். எல்லாத் துன்பத்துக்கும் ஆலோசனை மருந்தாகாது. காணி இல்லாதவளுக்குக் காணி வேண்டும். கடன்பட்டவளுக்கு நியாயமான வழி வேண்டும். காணாமற்போனவரைத் தேடுபவளுக்கு உண்மை வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் வீதியோரம் இருந்தார்களே, அவர்கள் நோயாளிகள் அல்ல. கேள்வி கேட்டவர்கள். விடை காணாமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

எனக்கு உதவியவை

அந்த வைத்தியர் என்னை உளநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். "விசர் கிளினிக்" என்று ஊரார் சொல்லுவார்களே என்று ஆரம்பத்தில் முக்காடிட்டுப் போனேன். பிள்ளையை அடித்த பிறகுதான் ஒழுங்காகப் போகத் தொடங்கினேன். மருந்து தந்தார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை ஒரே நாளில் வேலை செய்யாது. சில வாரங்கள் செல்லும். இடையில் "சுகமாயிட்டுது" என்று நாமாகவே நிறுத்தவும் கூடாது. இதற்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் வேண்டியதில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுக்க வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடப் பழக்கினார்கள். இழுத்தவுடன் மனதுக்குள் மூன்றுவரை எண்ணுங்கள், விடும்போது ஐந்துவரை எண்ணுங்கள். பத்து நிமிடம் போதும். மந்திரம் உருவேற்றுவதும், செபமாலை சொல்வதும், திக்ரு ஓதுவதும் இதேபோல் உடம்பின் அபாய மணியை அடக்க உதவுகின்றன. அவரவர் நம்பிக்கைப்படி செய்யலாம்.

எல்லாவற்றிலும் பெரியது, கேட்பதற்கு ஒரு ஆள். மூன்றாம் வீட்டு அக்கா ஒருவர் பின்னேரங்களில் ஓலை பின்னிக்கொண்டே என் கதையைக் கேட்பார். "அழாதை" என்று சொல்ல மாட்டார். "எல்லாருக்கும்தானே நடந்தது" என்றும் சொல்ல மாட்டார். "பிறகு?" என்பார். அவ்வளவுதான். அந்த "பிறகு"க்குள் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நீங்களும் ஒரு சகோதரிக்கு இப்படி உதவலாம். புத்தி சொல்லவேண்டாம், தோண்டிக் கேட்கவேண்டாம், கேட்டதை வெளியே கொண்டுபோகவேண்டாம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கிறாரோ இல்லையோ எண்டு அம்மாவுக்கும் தெரியாது. தெரியாதபடியால்தான் கோவம் வந்தது. உன்னில கோவம் இல்லை" என்று சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளங்கியது. "அப்ப தெரியாது எண்டே எழுதுறன்" என்றாள்.

மாமியுடன் பேச இன்னும் சில ஆண்டுகள் சென்றன. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி வந்தது. அது உண்மையைக் கண்டுபிடித்துத் தராது. ஆனால் பொய்யைச் சொல்லும்படி கேட்கவும் இல்லை. அதை எடுக்கப் போகிறேன் என்று மாமிக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உள்ளதைத்தானே எழுதியிருக்கு" என்றார். பஸ்ஸில் என்னுடன் அவரும் வந்தார். இப்போது அவர் பிறந்த நாளில் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுகிறோம். திவசமும் அல்ல, பிறந்தநாள் கொண்டாட்டமும் அல்ல. மாமி பால்றொட்டி சுடுவார். அது அவருடைய பிள்ளைக்குப் பிடித்தது.

உடனே உதவி தேட வேண்டிய வேளைகள்

சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், பிள்ளைகளைப் பராமரிக்க முடியாமற் போனால், நாட்கணக்கில் நித்திரையோ சாப்பாடோ இல்லையென்றால், இல்லாத குரல்கள் கேட்டால், தாமதிக்க வேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும், வன்முறைக்கு ஆளானால் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்கள் அயலில் ஒரு பெண் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னால் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். "சாக யோசிக்கிறியளோ?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்டால்தான் அவள் தனிமை உடையும். அன்றிரவு அவளைத் தனியே விடாதீர்கள்.

இன்று என் மகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இப்போதும் சில விடியற்புறங்களில் என் நெஞ்சு இறுகும். அப்போது எழுந்து, விளக்கைக் கொளுத்தி, மூச்சை எண்ணுவேன். சத்தம் கேட்டு மாமியும் எழும்பித் தேத்தண்ணி போடுவார். அடுப்பு ஒன்றுதான். சகோதரிகளே, இன்று பின்னேரம் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய், நித்திரை வருகிறதோ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லத் தொடங்கினால், "பிறகு?" என்று மட்டும் கேளுங்கள்.